பனியன் ஊரில் முகம் பார்த்த கதை

திருப்பூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பனியன், ஜட்டி. கொஞ்சம் யோசித்தால் 1932-ல் கொடியைக் கையில் பிடித்தபடியே தடியடி பட்டு உயிரை விட்ட குமரன். இன்னும் கொஞ்சம் யோசித்தால் சாயம் கலந்து ஓடிய நொய்யல். இந்த மூன்றையும் தாண்டி நான்காவதாக ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே வேலை செய்யும் பெண்களின் முகம்!

சித்தி மகள் வீட்டுச் சீருக்காகப் போய் நாலு நாள் தங்கினேன். அவள் குடியிருப்பது பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையம் பக்கம், ஒரு லைன் வீட்டில். வரிசையாக ஆறு வீடுகள், நடுவில் ஒரு குழாய். ஒரு வீட்டுக்காரர்களுக்குச் சொந்த ஊர் தேனி, அடுத்த வீட்டுக்குத் தஞ்சாவூர், கடைசி வீட்டில் ஒரு ஒரிசாக் குடும்பம். எல்லோருக்கும் பிழைப்பு பனியன் கம்பெனிதான். ஒருத்தி ஓவர்லாக், ஒருத்தி செக்கிங், ஒருத்தி அயர்ன். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்டு முடித்து, இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் பார்க்க வேண்டுமே! வாரச் சம்பளம் கைக்கு வரும் நாள். ஊரே தெருவில் இருக்கிறது. காதர்பேட்டையில் துணிக் குவியல், ரோட்டோரத்தில் காய்கறிக் குவியல், நடுவில் அழகு நிலையங்கள். மாடிப்படிக்கு மாடிப்படி ஒரு போர்டு: கோல்டு ஃபேஷியல், ஃப்ரூட் ஃபேஷியல், பிளீச். பெரிய ரோட்டுக்கு வந்தால் கண்ணாடிக் கதவு போட்ட ஸ்கின் கிளினிக்குகள். அங்கே எழுதியிருப்பது வேறு பாஷை: போடாக்ஸ், ஃபில்லர், லேசர், பி.ஆர்.பி. கத்தியில்லை, தையல் இல்லை, படுக்க வேண்டியதில்லை. மத்தியானம் போனால் சாயங்காலம் வேலைக்கே போகலாமாம்.

இந்த இரண்டு வாசலைத் தவிர மூன்றாவதாக ஒரு வாசல் இருக்கிறது. அதற்கு போர்டே கிடையாது. மருந்துக் கடைதான் அது. சம்பளக் கவரோடு போகிறவர்களுக்கு மிகவும் மலிவான வாசலும் அதுதான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 28 வயசு. செக்கிங்கில் இருக்கிறாள். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்துவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம், “என்னாச்சு மூஞ்சி?” என்று கேட்க, நாத்தனார் கல்யாணத்துக்கு முன்னால் சரிபண்ணியாக வேண்டும் என்று ஒரு மருந்துக் கடையில் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தார். பத்தே நாளில் முகம் பளபளவென்று வெளுத்ததாம்! கல்யாணப் போட்டோவைக் காட்டினாள். உண்மைதான், மின்னினாள்.

இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. கன்னம் எப்போதும் சிவந்திருக்கிறது. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே ரத்த நாளங்கள் நூல் நூலாகத் தெரிகின்றன. தாடையில் பரு. காதோரம் மெல்லிய ரோமம்.

“நிறுத்திப் பாத்தனுங்க அக்கா. ரெண்டு நாள்ல தீயாட்டம் எரியுது. மறுபடி போட்டா அடங்கிருது. அப்புறம் எப்படிங்க விடறது?” என்றாள்.

சகோதரிகளே, இந்த ஒரு பேச்சை மட்டும் மனசில் வைத்துக் கொள்ளுங்கள். விட்டால் எரிகிறது, போட்டால் அடங்குகிறது என்றால், அந்த டியூபில் இருப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு. சொறி, கரப்பானுக்கு டாக்டர் சில நாள் மட்டும் கொடுக்கிற மருந்து அது. வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும். கூடவே தோலை வெளுக்கவும் வைக்கும். அந்த வெளுப்பைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம். நாள் கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, முகம் மருந்துக்கே அடிமையாகிவிடுகிறது. இந்த மாதிரி கெட்டுப்போன முகங்கள் நம் நாட்டில் மலிந்து போனதால், இந்தியத் தோல் டாக்டர்கள் இதற்குத் தனியாக ஒரு நோய்ப் பெயரே வைத்திருக்கிறார்கள். பூசுகிற ஸ்டீராய்டு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. ஆனால் கடையில் யார் சீட்டுக் கேட்கிறார்கள்?

டியூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமிட்டசோன், குளோபிட்டசால், புளூசினலோன் – இவற்றில் ஒன்று இருந்தால் அது அழகு கிரீம் அல்ல, மருந்து. பெயரே இல்லாத டப்பா என்றால் இன்னும் மோசம். நமக்குப் பக்கத்து வீடான கேரளத்தில், மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் நடந்ததைக் கேளுங்கள். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு அங்கே மருத்துவமனைக்கு வந்தவர்களை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். 22 பேரில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு ரகம். அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்! சந்தேகம் விழுந்தது கிரீமில் இருந்த பாதரசத்தின் மேல். முகத்தில் பூசியது சிறுநீரகம் வரைக்கும் போகிறது, பார்த்தீர்களா?

1975-ல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’, 2020-ல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டது. நம் வீட்டுப் பேச்சிலிருந்து அது போகக் காணோம். அது கிடக்கட்டும்.

லைன் வீட்டுக்காரப் பாட்டி ஒரு காலத்தில் சலவைப் பட்டறையில் வேலை பார்த்தவர். 2011-ல் ஐகோர்ட் உத்தரவால் சாய, சலவைப் பட்டறைகளை மூடினார்களே, அதுவரைக்கும் போனாராம். அவரிடம் பியூட்டி பார்லர் பிளீச் பற்றிப் பேச்செடுத்தேன். “அது பெராக்சைடுதானே கண்ணு? துணிக்கே அளவு மீறினா நைஞ்சு போயிரும். வெளிச்சத்துல புடிச்சா ஊசிப் பொத்தல் தெரியும்” என்றார். பாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பனியன் துணியை வெளுக்கிற அதே ஹைட்ரஜன் பெராக்சைடுதான், வலு குறைந்த அளவில், முகத்து பிளீச்சிலும் இருக்கிறது. அது தோலின் நிறத்தை மாற்றுவதில்லை. முகத்துப் பூனை ரோமத்தை வெளுக்கிறது, அதனால் முகம் பளிச்சென்று தெரிகிறது. அவ்வளவுதான். ஆகாதவர்களுக்கு எரிந்து சிவந்து, அந்த இடமே பிறகு கறுத்துவிடும். மங்கு இருக்கிற முகத்துக்கு வேண்டவே வேண்டாம். மற்றவர்களும் முழங்கை மடிப்பில் துளி தடவிப் பார்த்துவிட்டுச் செய்து கொள்ளலாம். விசேஷத்துக்கு முதல் நாள் கூடாது.

ஃபேஷியலில் தங்கம் இருந்தாலும் சரி, பப்பாளி இருந்தாலும் சரி, சுகம் அந்த மசாஜில்தான். பத்து மணி நேரம் குனிந்து பீஸ் பார்க்கிற பெண் ஒரு மணி நேரம் கண்ணை மூடிப் படுக்கிறாளே, அதுவே பெரிசு! சில நாள் மினுமினுப்புக்கு மேல் எதிர்பார்க்காதவரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

இனி அந்தக் கண்ணாடிக் கதவு. சித்தி மகளுக்கு வயசு 41. நெற்றியில் கோடு விழுகிறது என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கவலை. என்னையும் இழுத்துக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போனாள். எது எதற்கு என்று தெரிந்துகொண்டு போனால்தான் அங்கே நமக்குப் பேச்சு வரும்.

போடாக்ஸ் கெட்டுப்போன டப்பா உணவில் விஷமாகிற ஒரு கிருமியிலிருந்து எடுப்பது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் டாக்டரம்மா, இமைத் துடிப்புக்கு இந்த ஊசியைப் போட்டபோது புருவ நடுவில் சுருக்கம் மறைவதைக் கவனித்தார். அவர் கணவர் தோல் டாக்டர். இருவரும் சேர்ந்து 1992-ல் அதை எழுதி வெளியிட்டார்கள்; 2002-ல் அமெரிக்காவில் புருவ நடுச் சுருக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. நெற்றிச் சுருக்கம், கண்ணோரக் கோடு மாதிரி தசை அசைவதால் வருகிறவற்றுக்குக் கேட்கும். மூன்று, நாலு மாசம்தான் தாங்கும். ஆகவே ஒரு தடவைச் செலவை மூன்றால் பெருக்கி வருஷக் கணக்குப் பாருங்கள். மங்குக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

ஃபில்லர் என்பது குழி விழுந்த கன்னத்தையும் மூக்கோரப் பள்ளத்தையும் நிரப்புகிற ஊசி. ஆறு மாசத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை நிற்கலாம். தப்பித் தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் அந்த இடத்துத் தோல் செத்துவிடும். அபூர்வமாகக் கண் பார்வையே போயிருக்கிறது. அதனால் ஊசி போடுவது யார், டாக்டர்தானா, ஃபில்லரைக் கரைக்கிற மருந்து கைவசம் இருக்கிறதா என்று கூசாமல் கேளுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மார்களும் இந்த இரண்டு ஊசியையும் தள்ளிப் போட்டுவிட வேண்டியதுதான்.

சித்தி மகள் விலையைக் கேட்டாள், என்னைப் பார்த்தாள், “அடுத்த தீபாவளி போனஸ் வரட்டுங்க” என்று சொல்லி எழுந்துவிட்டாள்!

பீலிங், லேசர் இரண்டிலும் நம் மாநிறத் தோலுக்குத் தனிக் கவனம் வேண்டும். நம் தோல் சூடு பட்டாலும் புண் பட்டாலும் கறுத்துவிடும். மேலோட்டமான பீலிங்கைப் பழகின டாக்டர் செய்தால், பருத் தழும்புக்கும் மங்குக்கும் ஓரளவு கேட்கும். செய்த பிறகு வெயில் ஆகாது. மங்குக்கு லேசர் முதல் வைத்தியமே அல்ல. போன மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்புவதும் உண்டு. வெளுப்பதற்கென்று குளுட்டாதையோன் டிரிப் ஏற்றுகிறார்களே, அதற்குப் பக்கமே போகாதீர்கள். பிலிப்பைன்ஸ் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே மக்களை எச்சரித்திருக்கிறது.

அப்படியானால் மங்குக்கு என்னதான் செய்வது? பிரசவத்தோடு வந்த மங்கு பலருக்குச் சில மாசத்தில் தானாகவே மங்கிவிடும். காத்திருப்பதும் ஒரு வைத்தியம். கருத்தடை மாத்திரையாலும் வரலாம். அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெயிலும் சூடும்தான் அதற்குத் தீனி. அயர்ன் மேஜைப் பெண்களும் அடுப்படியில் நிற்கிற நாமும் அவ்வப்போது விலகி நின்று, முகத்தில் தண்ணீர் அடித்துக் கொள்ளலாம். சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும். பட்டாணி அளவு போதாது. லேசாக நிறம் கலந்து இரும்பு ஆக்சைடு சேர்ந்ததாக இருந்தால் மங்குக்கு இன்னும் நல்லது. சுருக்கத்துக்கும் இதைவிட மலிவான தடுப்பு கிடையாது.

திருப்பூர்ப் பெண்களிடம் எனக்குப் பிடித்தது, ஸ்கூட்டரில் போகும்போது துப்பட்டாவால் கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிக் கட்டுகிறார்களே, அதுதான். ஆனால் மெல்லிய வெள்ளைத் துணி வெயிலை நிறையவே உள்ளே விடும். நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறத் துணி நல்லது. செக்கிங் மேஜையில் செய்கிற மாதிரி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணை, 2022-ல் மருத்துவக் கல்லூரியாகிவிட்ட அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போகச் சொன்னேன். “அரை நாள் சம்பளம் போகுமேங்க” என்று இழுத்தாள். பாட்டி விடவில்லை. “டியூபுக்கு அளுத காசு போகலியா? திங்கக்கெழம நானே கூட வாரேன், கெளம்பு!” என்று ஒரே போடு.

நீங்களும் போவதானால் இதுவரை பூசின டியூப், டப்பா எல்லாவற்றையும், தீர்ந்து போனதையும் சேர்த்து ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எத்தனை மாசம் பூசினீர்கள், கடைசியாக என்றைக்குப் பூசினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். மருந்தைச் சட்டென்று நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்று டாக்டர் சொல்வார். எரிச்சல் அடங்கிச் சிவப்பு தணிய மாசக் கணக்கில் ஆகும். மாசம் ஒரு முறை, அதே ஜன்னலோரம், அதே நேரத்தில் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடியில் தினமும் பார்க்கிற நமக்குத் தெரியாத வித்தியாசம் அதில் தெரியும்.