கப்படோக்கியா போய் வந்த கதை

ஓய்வு பெற்ற பிறகு வெளிநாட்டுப் பயணம் என்றால் நம்மவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சிங்கப்பூர், மலேசியா. அடுத்து துபாய். பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தால் நயாகரா. இன்னும் கொஞ்சம் வசதி கூடினால் சுவிட்சர்லாந்துக்குப் போய்ப் பனியில் நின்று ஒரு படம். எல்லாமே நல்ல இடங்கள்தாம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் பார்த்ததிலேயே மனசில் நிற்பது எது என்று யாராவது கேட்டால் இந்த வரிசையில் இல்லாத ஒரு பெயரைத்தான் சொல்வேன். கப்படோக்கியா.

துருக்கியின் நடுவில், கடலோரத்திலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி, ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரமான பீடபூமியில் இருக்கிறது. இஸ்தான்புல்லிலிருந்து உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். நெவ்ஷெஹிர், கய்சேரி என்று இரண்டு விமான நிலையங்கள். எதில் இறங்கினாலும் காரில் போய்விடலாம்.

கிளம்புவதற்கு முன் வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. என் மனைவிக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துகொள்வது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அம்மாவை இந்த நிலைமையில மலை மேட்டுக்குக் கூட்டிட்டுப் போகணுமாப்பா?" என்றான் மகன். எனக்கும் தயக்கம்தான். முடிவு எடுத்தது அவள். "ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படி இருக்குமோ யாருக்குத் தெரியும். என் சொந்தக் கால் இருக்கும்போதே ஒரு தடவை நடந்துட்டு வந்துடறேங்க." இதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? செப்டம்பர் கடைசியில் கிளம்பினோம்.

முதல் நாள் மாலை அந்த நிலத்தைப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. பொதுப்பணித் துறையில் 35 வருஷம் கல்லோடும் மண்ணோடும் மல்லுக்கட்டியவன் நான். அப்படியும் இப்படி ஒரு பாறையைப் பார்த்ததில்லை. கூம்பு கூம்பாக, சில இடங்களில் காளான் மாதிரி தலையில் தொப்பியோடு, நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. உள்ளூர்க்காரர்கள் இவற்றைத் தேவதைகளின் புகைபோக்கி என்கிறார்கள்.

காரணம் எளிது. இந்தப் பகுதியைச் சுற்றி எர்ஜியஸ், ஹசன் போன்ற எரிமலைகள் இருக்கின்றன. எர்ஜியஸ் 3900 மீட்டருக்கும் மேலே, உச்சியில் பனியோடு, வானம் தெளிவாக இருந்தால் தொலைவில் தெரியும். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்த எரிமலைகள் கக்கிய சாம்பல் மீட்டர் மீட்டராகப் படிந்து இறுகி மிருதுவான பாறையானது. அதன் மேல் சில இடங்களில் கடினமான பாறை அடுக்கு. மழையும் காற்றும் மிருதுவான பகுதியை அரித்துக்கொண்டே போக, கடினமான கல் எங்கே குடை பிடித்ததோ அங்கே மட்டும் கீழே உள்ள தூண் தப்பித்தது. தொப்பி விழுந்துவிட்டால் தூணும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். இன்று நாம் பார்ப்பது நடுவழியில் இருக்கும் ஒரு வேலைதான்.

இந்தப் பாறைக்கு இன்னொரு குணம் உண்டு. வெட்டும்போது உளிக்கு இணங்கும், காற்றுப் பட்டதும் மேற்பரப்பு இறுகிவிடும். இப்படி ஒரு கல் கிடைத்தால் எந்தக் கொத்தனார் சும்மா இருப்பார்? மரம் குறைவான நாடு, வெளியே கடும் குளிர், கோடையில் வெயில். எனவே வீடு கட்டுவதற்குப் பதிலாக வீட்டைக் குடைந்தார்கள். தொழுவம், புறாக்கூடு, மடம், கோயில் எல்லாமே குடைந்ததுதான். புறாக்கூடு எதற்கு என்று கேட்டேன். எச்சத்தைச் சேர்த்துத் திராட்சைத் தோட்டத்துக்கு உரமாகப் போடுவார்களாம். பள்ளத்தாக்கின் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள், அத்தனையும் புறாவுக்கு.

நாங்கள் தங்கியதும் ஒரு குகை ஓட்டலில்தான். உள்ளே வெந்நீர், மின்சாரம், மெத்தை எல்லாம் உண்டு, பயப்பட வேண்டாம். ஆனால் படிகள் அதிகம். பதிவு செய்யும்போதே தரைமட்ட அறை என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் பெரிதாக வராத ஒன்று. ஒர்த்தஹிசார் என்ற ஊர்ப்பக்கம் மத்தியதரைக் கடலோரத்திலிருந்து எலுமிச்சம்பழத்தை லாரி லாரியாகக் கொண்டுவந்து குகைகளில் அடுக்குகிறார்கள். பாறைக்குள் வெப்பம் வருஷம் முழுவதும் அதிகம் மாறுவதில்லை. பழம் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும், விலை ஏறும்போது வெளியே எடுப்பார்கள். மின்சாரக் கட்டணம் இல்லாத குளிர்பதனக் கிடங்கு! நம் ஊர் எலுமிச்சை வியாபாரிகள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படங்கள் எங்கும் கிடைக்கும். 10 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை கிறிஸ்தவத் துறவிகள் குடைந்த கோயில்கள் இவை. தூண், வளைவு, குவிமாடம் எல்லாம் கட்டடத்தில் இருப்பதுபோலவே செதுக்கியிருக்கிறார்கள். இங்கே தூண் எதையும் தாங்கவில்லை, வெறும் அழகுக்குத்தான். இருட்டுக் கோயில் என்று ஒன்று இருக்கிறது, அதற்குத் தனிச் சீட்டு. மிகச் சிறிய ஒரு சன்னல் மட்டும் இருந்ததால் வெளிச்சம் புகாமல், சுவரில் உள்ள ஓவியங்கள் நேற்று தீட்டியது மாதிரி நிற்கின்றன. கோரெமே 1985இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பக்கத்தில் ஜெல்வே என்ற குகை ஊரில் 1952 வரை ஜனங்கள் குடியிருந்தார்கள். பாறை சரியும் ஆபத்து வந்ததால் அவர்களை வெளியே குடியேற்றினார்கள். அழகான பாறைதான், ஆனால் உள்ளே குடும்பம் நடத்துபவர்களுக்கு அது எப்போது இடியும் என்று தெரியாத கூரை.

அடுத்து தெரின்குயு. பெயருக்கு ஆழ்கிணறு என்று பொருள். 1963இல் ஒருவர் தன் வீட்டைப் புதுப்பிக்கச் சுவரை இடித்தபோது பின்னால் ஓர் அறை தென்பட்டதாம், அதன் பின்னால் வழி, வழிக்கு அப்பால் ஒரு நகரம். மொத்த ஆழம் சுமார் 85 மீட்டர் என்கிறார்கள். நம் சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தைத் தலைகீழாக உள்ளே இறக்கினாலும் அடியைத் தொடாது. 20,000 பேர் வரை ஆடு மாடுகளோடு தங்கியிருக்க முடியும் என்பது ஒரு கணக்கு. தொழுவம், சமையலறை, திராட்சை பிழியும் தொட்டி, தேவாலயம் என்று எல்லாம் உண்டு. காற்றுக்காக 50க்கும் மேற்பட்ட துவாரங்கள். ஒரு பெரிய துவாரத்தின் ஓரத்தில் நின்று கையை நீட்டிப் பார்த்தேன், காற்று நன்றாகவே வருகிறது. பம்பு, மோட்டார் ஏதும் இல்லாமல் இதைச் செய்தவன் என்னைவிடப் பெரிய இன்ஜினியர், சந்தேகமில்லை.

கதவுகளைச் சொல்ல வேண்டும். ஆட்டுக்கல்லைப் பெரிதாக்கி நிறுத்தியது மாதிரி, நடுவில் ஓட்டையோடு வட்டக் கல். 200 முதல் 500 கிலோ வரை எடை. உள்ளே இருப்பவர்கள் உருட்டி அடைத்துவிட்டால் வெளியே இருப்பவனால் நகர்த்த முடியாது. பிரிஜியர்கள் தொடங்கியிருக்கலாம் என்கிறார்கள். பிறகு அரபுப் படைகள் வந்துபோன நூற்றாண்டுகளில் பைசாந்தியக் கிறிஸ்தவர்கள் இவற்றை விரித்திருக்கிறார்கள். 1909இல்கூட அதனாவில் படுகொலை நடந்த செய்தி வந்ததும் இந்தப் பகுதியில் ஒரு கிராமத்து ஜனங்கள் நிலத்தடிக்குள் போய் ஒளிந்திருக்கிறார்கள். அதாவது என் தாத்தா காலத்தில்.

என் மனைவி இரண்டு நிலை இறங்கியதோடு மேலே போய்விட்டாள். வழிகள் குனிந்து, சில இடங்களில் முதுகை நன்றாக வளைத்துப் போக வேண்டியவை. மூச்சுத் தொந்தரவு, இருதயக் கோளாறு, மூட்டுவலி உள்ளவர்கள் முதல் நிலையைப் பார்த்துவிட்டு வந்தாலே போதும். மேலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பதால் நடுவில் திரும்புவது கஷ்டம்.

மூன்றாம் நாள் முஸ்தஃபாபாஷா. இது அவள் கேட்டுப் போன இடமல்ல, வழியில் இருந்ததால் வண்டியை நிறுத்தினார் வழிகாட்டி. பழைய பெயர் சினாசோஸ். மஞ்சள் கல்லில் செதுக்கு வேலையோடு பெரிய பெரிய வீடுகள், நம் செட்டிநாட்டு வீடுகளை நினைவூட்டும் மிடுக்கு. நடுவில் ஒரு பழைய தேவாலயம், வாசலைச் சுற்றிக் கல்லில் திராட்சைக் கொடி. வழிபட ஆள் இல்லை.

இந்த ஊரில் இருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் எல்லாரையும் கப்பலேற்றிவிட்டார்கள். 1923 ஜனவரியில் லோசானில் துருக்கியும் கிரேக்கமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. துருக்கியிலிருந்த கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு, கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கு. அங்கிருந்து இங்கே சுமார் 4 லட்சம், இங்கிருந்து அங்கே சுமார் 12 லட்சம். விருப்பம் கேட்கவில்லை. மொழியும் பார்க்கவில்லை, மதம் மட்டுமே கணக்கு. கப்படோக்கியாவின் கிறிஸ்தவர்களில் பலர் துருக்கி மொழியைத்தான் வீட்டில் பேசினார்கள். கிரேக்க எழுத்தில் துருக்கி மொழியை எழுதினார்கள். அவர்கள் போய் இறங்கிய நாட்டில் அவர்கள் பேச்சு யாருக்கும் புரிந்திருக்காது. கிரேக்கத்தில் இவர்கள் குடியேறிய இடத்துக்கு நியா சினாசோஸ், அதாவது புது சினாசோஸ், என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

வழிகாட்டி இதைச் சொல்லி முடித்ததும் என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வீட்டுச் சாவியை யார்கிட்ட கொடுத்துட்டுப் போனாங்க?"

பழைய நண்பர்களுக்குத் தெரியும், அவள் பிறந்தது ரங்கூனில். அவள் அப்பாவுக்கு அங்கே ஒரு சின்ன மளிகைக் கடை. 1964இல் நே வின் ராணுவ அரசு கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டது, 50, 100 சாட் நோட்டுகளைச் செல்லாது என்றது. அடுத்த வருஷம் இவர்கள் கப்பலேறினார்கள். அவளுக்கு அப்போது பத்து வயது. அம்மாவின் காதுத் தோட்டைக்கூடத் துறைமுகத்தில் கழற்றச் சொன்னார்கள் என்பாள். வீட்டுச் சாவியை எதிர்வீட்டுப் பர்மாக்கார அம்மாவிடம் கொடுத்து, "மழைக்காலத்துக்கு முன்னாடி ஓட்டைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார்களாம். திரும்பி வருவோம் என்ற நினைப்பு. வந்து இறங்கியது வியாசர்பாடி. கல்யாணமாகி 45 வருஷத்தில் இந்தச் சாவிக் கதையை அவள் என்னிடம் சொன்னது இரண்டு முறைதான்.

வழிகாட்டிப் பையனுக்கு முப்பது வயதிருக்கும். கொஞ்சம் யோசித்தான். "தெரியாதும்மா. ஆனா என் பாட்டியோட அம்மா கிரேக்கத்திலேர்ந்து வந்தவங்க. அவங்களுக்கு இந்த மாதிரி ஒரு வீட்டைத்தான் கொடுத்தாங்க. அவங்களும் அங்கே ஒரு வீட்டைப் பூட்டிட்டு வந்தவங்கதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். நான் தமிழில் சொன்னேன். அவள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். கால் வலியா என்று கேட்டேன். இல்லை என்றாள். அரை மணி நேரம் அங்கேயே இருந்தோம். அன்றைய பட்டியலில் மீதி இருந்த இரண்டு இடங்களை விட்டுவிட்டோம், அதில் எனக்கு வருத்தமில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பருப்பு சூப் எல்லா இடத்திலும் கிடைக்கும், எலுமிச்சை பிழிந்து குடித்தால் நம் பருப்பு ரசத்துக்குச் சித்தப்பா பிள்ளை. அய்ரான் என்று ஒன்று தருவார்கள், உப்புப் போட்ட மோரேதான். வெள்ளை பீன்ஸ் குழம்பு, சோறு, தயிர். சைவக்காரர்கள் தாராளமாகச் சமாளிக்கலாம். மண்குடத்தில் சமைத்து மேசையில் வைத்து உடைக்கும் இறைச்சிக் குழம்பு இந்தப் பக்கத்தின் பெருமை. சிவப்பு ஆறு என்று பெயருள்ள கிஸில்இர்மாக் ஓரத்து அவானோஸில் குயவர்கள் அதிகம், களிமண்ணும் சிவப்புதான்.

கடைசியாக, எல்லாரும் கேட்கும் பலூன். விடியற்காலையில் நூற்றுக்கும் மேல் பலூன்கள் ஒன்றாக எழும்பும். காற்று சரியில்லை என்று விமானப் போக்குவரத்து அதிகாரிகள் சொல்லிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் பறக்காது. எங்களுக்கு முதல் இரண்டு நாள் ரத்து. எனவே குறைந்தது மூன்று இரவாவது தங்குங்கள், முதல் நாளுக்கே பலூனைப் பதிவு செய்துவிடுங்கள், தள்ளிப்போனாலும் இடம் இருக்கும். கூடைக்குக் கதவு கிடையாது, பக்கவாட்டுப் பள்ளத்தில் கால் வைத்து ஏறிக் குதிக்க வேண்டும். இறங்கும்போது முழங்காலை மடக்கி உட்காரச் சொல்வார்கள். அதனால் நான் மட்டும் போனேன். அவள் ஓட்டல் மாடியில் கம்பளி போர்த்திக்கொண்டு, கையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தாள். மேலேயிருந்து பார்த்தேன், எது எங்கள் மாடி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கீழேயிருந்து பார்த்ததுதான் அதிக அழகு என்று அவள் இன்றும் வாதாடுகிறாள். படங்களைப் பார்த்தால் அவள் சொல்வது சரி என்றுதான் தோன்றுகிறது.

இஹ்லாரா பள்ளத்தாக்குக்குப் போகவில்லை, ஏறக்குறைய 400 படி. அடுத்த முறை போனால் உண்டு. ஏப்ரல் முதல் ஜூன், இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். காலையில் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். நல்ல பிடிமானமுள்ள ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பாறை காலடியில் பொடிப்பொடியாக உதிர்ந்து வழுக்கும்.