'இரு' என்னும் வினைச்சொல்

சாத்தூரை அடுத்த இருக்கன்குடியில் அருச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுகின்றன. ஆடி மாதத்துக் கடைசி வெள்ளியன்று மாரியம்மனை வழிபட வருவோர் பலர், ஆற்று மணலிலேயே இராத் தங்குவர். கல்லூரியிற் சேர்ந்த புதிதில் யாமும் எம் பாட்டியாருடன் அங்ஙனம் தங்கினோம். "இரு கங்கை கூடுவதால் இருகங்கைக்குடி" என்றார் பாட்டியார். யாமோ, "அன்று, இருத்தல் என்பது தங்குதல். மக்கள் தங்கியிருந்த குடியே இது" என்று செருக்குடன் மறுத்தோம். அவர் ஒன்றும் சொல்லாது நகைத்தார்.

பின்னர் மொழிநூல் பயின்றபோது எம் பேதைமை விளங்கிற்று. ஒலி ஒத்திருத்தல் ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. தமிழில் 'இருந்தான்' என்பது பழங்கன்னடத்தில் 'இர்தன்'. இக்காலக் கன்னடத்தில் 'இத்தனு'. மலையாளத்தில் வினை 'இரி' எனத் திரியும். இத்திரிபுகள் பிற சொற்களிலும் ஒழுங்காய் நிகழ்வதாலேயே, எவரும் கேட்டிராத 'இர்' என்னும் மூலத்தை அறிஞர் உய்த்துணர்ந்து, அதன்முன் உடுக்குறி இடுகின்றனர். 1856-இல் கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தால் விரிவாக்கிய இந்நெறி, 1961-இல் பரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பகராதியிற் பெரும்பயன் தந்தது. பாட்டியார் கூற்றுக்கு ஊர்வழக்கேனும் துணை நின்றது. எம் கூற்றுக்கு அதுவும் இல்லை.

தங்குதலைக் குறித்த சொல் உளதாதலைக் குறிப்பது தமிழுக்கே உரியதன்று. காதிக் மொழியின் 'விசன்', பழைய ஆங்கிலத்தின் 'வெசன்' ஆகிய வினைகளும், 'வாசம்' என்பதற்கு மூலமான வடமொழி 'வஸ்' என்பதும் ஒரு வேரின. ஆங்கிலத்தில் அவ்வினை இன்று 'வாஸ்', 'வேர்' என்னும் இறந்தகால வடிவங்களிலேயே எஞ்சியுள்ளது. அவற்றுள் சகரமும் ரகரமும் மாறிநிற்பது, பழைய அழுத்தம் விழுந்த இடத்தைப் பொறுத்தது என வெர்னர் என்னும் டேனிய அறிஞர் காட்டினார்.

மூல ஜெர்மானிய மொழிக்கு இறந்தகாலம், இறவாக்காலம் என இரண்டே காலம். பழந்திராவிடத்திலும் அவ்வாறே என்பர். நம் 'கிறு', 'கின்று' என்னும் இடைநிலைகள் பிற்காலத்தன.

"சற்று இரு, ஐயா, கூழ் கரைத்துத் தருகிறேன்" என்று அன்று மணலில் எம்மை அமர்த்திய பாட்டியார் இப்போது இலர். இக்கட்டுரையில் அவரைக் குறித்து முதலில் 'இருக்கிறார்' என்று எழுதிவிட்டோம். பின்னர் அடித்து, 'இருந்தார்' எனத் திருத்தினோம். ஒரு வினையின் காலவேறுபாட்டை அன்றே யாம் மெய்யாகக் கற்றோம்.