பங்கு

'பங்கு' என்னும் சொல்லை நாம் எத்துணை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! புதியவர் ஒருவரைக் கண்டால், "நீங்கள் எந்தப் பங்கு?" என்று கேட்டே உறவைத் தொடங்குகிறோம். பங்குத்தந்தை, பங்குப்பேரவை, பங்குத்திருவிழா என நம் நாவில் அன்றாடம் புழங்கும் இச்சொல், நாம் குடியிருக்கும் இத்தாம்பரம் வட்டாரத்து மண்ணில் வேறொரு பொருளிலும் வேரூன்றியிருந்தது. ஊர் நிலத்திலும் களத்து நெல்லிலும் ஒருவருக்கு உள்ள உரிமையை இங்கு வாழ்ந்தோர் பங்கு என்றே வழங்கினர்.

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று பெரியோர் சொல்வதுண்டு. வற்றாத ஆறு இல்லாத இம்மண்ணில் மழைநீரைக் கரை கட்டித் தேக்கியே மக்கள் வாழ்ந்தனர். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என்று நாம் பேருந்து நிறுத்தங்களாக அறிந்த பெயர்கள் யாவும் ஏரிகளின் பெயர்கள். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே மிகுநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பை அடையும். தனித்து வாழ எந்த ஏரிக்கும் இயலாது, ஊருக்கும் அப்படியே.

1763-இல் ஆர்க்காட்டு நவாபு இச்சீமையை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களின் கணக்கைத் திரட்டினார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதியவற்றையும் தழுவிய கணக்கு அது. எந்த ஊரில் எத்தனை வீடுகள், எத்தனை ஏரிகள், விளைந்த நெல்லில் யார் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் பதிவாயின. வரி வாங்கத் திரட்டிய கணக்குத்தான்; எனினும் ஊர் எப்படி வாழ்ந்தது என்பதை இன்று நமக்குக் காட்டுவதும் அதுவே.

அறுவடை முடிந்ததும் நெல் நேரே நிலத்துக்காரர் வீட்டுக்குப் போய்விடாது. களத்தில் குவியலாகக் கிடக்கையிலேயே கோயிலுக்கும் ஏரிப் பராமரிப்புக்கும் எடுத்து வைப்பர். கணக்கர், தலையாரி, தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், நீர் பாய்ச்சுவோர் என ஊர்ப்பணி செய்வோர்க்கெல்லாம் அளந்து கொடுப்பர். இதற்கு மேரை என்று பெயர். சுதந்திரம் என்றும் பெயர். நாடு விடுதலை பெற்ற நாளுக்கு நாம் சூட்டிய சொல், அன்று களத்துமேட்டில் ஒரு மனிதர் கையேந்தாமல் பெற்ற நெல்லைக் குறித்தது என்பதை எண்ணுங்கால் உள்ளம் சற்றே நின்றுவிடுகிறது.

எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், நானூறு மரக்கால் ஒரு கரிசை என்பது சென்னை வட்டாரத்து அளவு. அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்பார். பிறகே இரண்டு, மூன்று என எண்ணுவார். நம் வீட்டுப் பாட்டிமார் ரேஷன் அரிசியைப் படியால் அளந்தபோதுகூட 'லாபம்' என்றே தொடங்கினர். பிறர்க்கு அளந்து கொடுக்கும்போதும் முதல் அளவை லாபம் என்றே அழைத்த பழக்கத்தில் ஒரு பண்பாடு இருந்தது.

அன்றாட வாணிகமும் நெல்லிலேயே நடந்தது. உப்பு விற்பவர் தெருவில் கூவி வந்தால் பெண்கள் முறத்தில் நெல் கொண்டுவந்து மாற்றுவர். செக்கு எண்ணெய்க்கும் கருவாட்டுக்கும் அதே வழக்கம். கோடையில் ஏரி வற்றினால் வண்டல் மண் வயலுக்குப் போகும். களிமண் குயவர் வீட்டுக்குப் போகும். கோரை பாய் முடையப் போகும். ஊருக்கு அகப்படாத பொருள்களுக்கு வாரச் சந்தை இருந்தது. வெள்ளிதோறும் கூடும் பல்லாவரம் சந்தையில் அம்மரபின் சாயலை இன்றும் காண்கிறோம்.

ஆனால், இப்பழமையைப் பொற்காலம் என்று போற்றிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியுமா? களத்தில் எல்லார்க்கும் நெல் உண்டு; நிலத்தில் எல்லார்க்கும் பங்கு இல்லை. ஏரிக்கரையில் மண் சுமந்தவர்களும் சேற்றில் நின்று நாற்று நட்டவர்களும், தாம் குடியிருந்த மனைக்கட்டுக்குக்கூட உரிமையற்றவர்களாக வாழ்ந்தனர். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கை, ஆதிதிராவிட மக்களின் இந்நிலையை அரசுக்கு எடுத்துரைத்தது. அதன் பயனாக 1892-இல் பிறந்த ஆணையால் அவர்களுக்கு வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். அந்நிலங்களும் பல இடங்களில் கைமாறின. அவற்றை மீட்கக் கோரி இம்மாவட்டத்துக் காரணையில் 1994-இல் எழுந்த போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியாயினர். நெல்லில் பங்கு கொடுத்து நிலத்தில் பங்கு மறுத்த கணக்கு நூறாண்டு கடந்தும் தீரவில்லை.

1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுப்பகுதிக்கு இடம்பெயர்ந்தது. மாதச் சம்பளம் வந்தது. மரக்கால் பரணுக்கு ஏறியது. வயல்கள் மனைகளாயின. நம்மில் பலர் வீட்டின் தாய்ப்பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் 'நஞ்சை' என்றே எழுதியிருக்கும். மதகு பாய்ச்சிய மண்ணில் கூடம் கட்டிப் படுத்துறங்குகிறோம். ஏரிக்கோ நம் சாக்கடையைக் கொடுத்தோம். வரத்துக்காலை மண்ணிட்டு மூடினோம்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு பெருகி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மூழ்கின. தண்ணீர் தன் பழைய பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. அந்நாள்களில் பெயரறியா அண்டை வீட்டார் மொட்டை மாடியில் ஒரே உலையில் அரிசியிட்டுப் பகிர்ந்துண்டதையும் நாம் மறக்கலாகாது. எவரும் எவரிடமும் சாதி கேட்கவில்லை. பழைய களத்துமேட்டில் இல்லாத ஒன்று அன்று அம்மாடியில் இருந்தது.

2019-இல் சிட்லபாக்கத்து மக்கள் தாமே ஏரியில் இறங்கிக் குப்பை வாரினர். அவ்வேரியால் இன்று அவர்களில் யாருக்கும் நெல் விளைவதில்லை. ஆயினும் இறங்கினர். முன்னாளில் உழைப்பு ஒருவருடையதாகவும் உரிமை வேறொருவருடையதாகவும் இருந்தது. இந்நாளில் மனை நம்முடையது, ஏரி யாருடையதோ என்றிருக்கிறோம். இரண்டுமே பங்கு ஆகா. உரிமையும் உழைப்பும் ஒரே கையில் சேரும்போதுதான் அச்சொல் நிறைவு பெறுகிறது.

ஆகவே, இனி எவரேனும் நம்மிடம் "எந்தப் பங்கு?" என்று வினவினால், ஆலயத்தின் பெயரைச் சொல்வதோடு, நம் தெருவின் மழைநீர் எந்த ஏரிக்குப் போகிறது என்பதையும் சொல்ல அறிந்திருப்போம். அந்த ஏரிக்கரையில் மண் சுமந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று எங்கே, எந்நிலையில் வாழ்கின்றனர் என்பதையும் கேட்டறிவோம்.