ஆறப்போட்ட நிலம்



போன ஞாயிறு எங்கள் புதூர் ஆலயத்தில் ஆராதனை முடிந்ததும் ஐயா பீடத்தைவிட்டு இறங்கி, சபையார் நடுவில் நின்று பேசினார். "மூணு மாசம் விடுப்பில் போறேன். மாற்றல் இல்லை, வியாதியும் இல்லை. உங்க போனை எடுக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

இந்த விடுப்பைப் பற்றிச் சேகரக் கமிட்டியில் அவர் முதலில் சொன்னபோது முகம் சுளித்தவன் நான்தான். "ஊழியக்காரருக்கு ஏதுங்கய்யா லீவு?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சார், போன மாசம் ஒரு அடக்க ஆராதனை. தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைங்க கதறுது. என் வாய் ஜெபம் சொல்லுது. உள்ளே ஒண்ணுமே அசையலை. அதுதான் பயமா இருக்கு" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 33 வருடம் வாத்தியார் வேலை பார்த்தேன். ஒவ்வொரு மே மாதமும் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், சம்பளம் வந்துவிடும். ஐயாவுக்கு ஐந்து ஊர்ச் சபை. நமக்கு ஓய்வுநாளான ஞாயிறு அவருக்கு வேலைநாள். கிறிஸ்துமஸ் அன்று நாம் பிள்ளைகளோடு இருப்போம். அவர் பைக்கில் ஊர் ஊராக ஓடுவார்.

ஆங்கிலத்தில் இந்த விடுப்பை 'சபாட்டிகல்' என்கிறார்கள். ஓய்வுநாளைக் குறிக்கும் எபிரெயச் சொல்லிலிருந்து வந்தது. ஏழாம் வருடம் நிலத்தையே விதைக்காமல் விடச் சொல்கிறது லேவியராகமம் 25-ஆம் அதிகாரம். இடையன்குடி கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-ல் லண்டனில் வெளிவந்தது, அவர் விடுப்பில் இங்கிலாந்து போயிருந்த காலத்தில்தான். இன்னொருவர் ராக்லாந்து. சிவகாசியை மையமாக வைத்து, பலவீனமான உடம்போடு நம் வடபகுதி ஊர்களில் கூடாரம் அடித்து ஊழியம் செய்தவர். 1858-ல் சிவகாசியிலேயே இறந்தபோது அவருக்கு வயது 43.

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லி என் பேச்சை வாபஸ் வாங்க எழுந்தேன். அதற்குள் பருத்திக்காடு வைத்திருக்கும் ஒரு அம்மா முடித்துவிட்டார்: "வெள்ளாமை எடுத்தப்புறம் மழை வருமட்டும் கரிசலை ஆறப்போடுறோம்லா? மனுசனைப் போடக்கூடாதா?"

ஐயா கிளம்பிவிட்டார். திருவிருந்துக்குப் பக்கத்துச் சேகரத்து ஐயா வருவார். மற்ற ஞாயிறுகளை உபதேசியார் பார்த்துக்கொள்வார்.

நேற்று ராத்திரி தெருவில் ஒரு பாட்டிக்கு மூச்சுத்திணறல். பழக்கதோஷம், ஐயா நம்பரைத் தேடி எடுத்துவிட்டேன். அப்புறம் போனைப் பைக்குள் போட்டுவிட்டு நானே போனேன். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, அது வருமட்டும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தேன். இத்தனை வருடம் பாடம் நடத்திய வாய், நாலு வார்த்தைக்குத் தடுமாறியது. பாட்டி என் கையை விடவே இல்லை.

இந்த வேலையை ஐயா தினமும் செய்துகொண்டிருந்தார். எனக்கு ஒரு ராத்திரிக்கே உடம்பு நடுங்கிவிட்டது.

போய் வாருங்கள் ஐயா. நல்லா ஆறிட்டு வாங்க. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.