குழந்தைகளுடன் கோல்கொண்டா

பிழைப்பை நாடி ஹைதராபாத்திலும் செகந்தராபாத்திலும் குடியேறிய நம்மவரில், ஊரிலிருந்து விருந்தினர் வரும்போது மட்டுமே கோல்கொண்டாக் கோட்டையை நினைப்பவர் பலர். சென்ற மாதம் என் மகள் பயிலும் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பார் அங்குச் சுற்றுலா சென்றனர். துணைக்குச் சென்ற பெற்றோருள் அடியேனும் ஒருவன். அன்று கண்டவற்றைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

நகருக்கு மேற்கே ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 400 அடி உயரமுள்ள பாறைக் குன்றின் மேல் அமைந்தது இக்கோட்டை. காகதீயர் காலத்து மண்கோட்டையை, 1518 முதல் ஆண்ட குதுப் ஷாஹி மன்னர்கள் கற்கோட்டையாக வளர்த்தனர். வெளிமதிலில் 87 கொத்தளங்களும் 8 வாயில்களும் உண்டு. 1687-இல் ஔரங்கசீப்பின் படை எட்டு மாதம் முற்றுகையிட்டும் கோட்டை பணியவில்லை. இறுதியில் உள்ளிருந்த ஒருவன் கையூட்டுப் பெற்றுக் கதவைத் திறந்துவிட்டான். ஆசிரியை இதைக் கூறியதும் குழந்தைகளின் முகம் வாடிற்று.

பாலா ஹிஸார் வாயிலின் குவிமாடத்தடியில் நின்று கை தட்டினால், ஒலி குன்றின் உச்சியில் கேட்கும். அந்நாளில் காவலர் இவ்வாறே மேலே எச்சரிக்கை அனுப்பினர் என்பர். வகுப்பில் பாதிப் பேர் கீழே நிற்க, மற்றவர் ஏறத்தாழ 360 படிகள் ஏறினர். குறித்த நேரத்தில் கீழிருந்த ஆசிரியை மும்முறை தட்டினார். உச்சியில் மூச்சடக்கிக் காத்திருந்த சிறுவர், "கேட்டது! கேட்டது!" என்று துள்ளிக் குதித்தனர்.

எனினும் என் நெஞ்சில் நிலைத்தது, ஏறும் வழியில் கண்ட ராமதாஸர் சிறையே. பத்ராசலத்து ராமர் கோயிலை அரசாங்க வரிப்பணத்தைக் கொண்டு எழுப்பியதற்காக, கோபன்னா என்னும் அதிகாரியை தானா ஷா மன்னர் இங்கு அடைத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் என்பது வழிவழிச் செய்தி. அவர் செதுக்கியவை எனப்படும் தெய்வ உருவங்கள் சுவரில் உள்ளன.

என் மகள் திரும்பி, "அப்பா, சனிக்கிழமை பஜனையில் தாத்தா பாடுவாரே, அந்த ராமதாஸரா?" என்றாள். ஆம் என்றேன். உடனே அதைத் தோழியரிடம் தெலுங்கில் கூறினாள். "உங்கள் வீட்டிலும் அவரைத் தெரியுமா?" என்று அவர்கள் வியந்தனர். வகுப்பில் 'அரவப் பெண்' என்றே அழைக்கப்படுபவள், அன்று எஞ்சிய கதையைத் தானே சொல்லிக்கொண்டு முன்னே நடந்தாள்.

வேற்றூரில் வளரும் நம் குழந்தைகளுக்கு, இவ்வூர்ச் சரித்திரம் பிறருடையது என்னும் எண்ணம் எளிதில் படிந்துவிடுகிறது. அது சரியன்று. இச்சிறையில் வாடிய அடியாரைத் திருவையாற்றுத் தியாகராஜர் தம் கீர்த்தனைகளில் போற்றினார். நம் பஜனை மடங்கள் அவர் பாடல்களை இன்றும் பாடுகின்றன. வாயிலில் தட்டிய ஒலி மலையுச்சியில் கேட்பதினும், இவ்வூர்க் குரல் காவிரிக் கரையில் கேட்டது பெரிதன்றோ?

ஆகவே அன்பர்கள் ஒரு விடுமுறை நாளில், வெயில் ஏறுமுன், குடிதண்ணீருடன் குழந்தைகளை அழைத்துச் செல்க. முந்தின இரவே ராமதாஸர் கதையைச் சொல்லி வைப்பது நலம்.