கல் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும்

கண்டி

அன்புள்ள நண்பருக்கு,

கண்டிக்கு வருகிறவர்கள் தலதா மாளிகையைப் பார்ப்பார்கள், வாவியைச் சுற்றி நடப்பார்கள், பேராதனைப் பூங்காவில் ஒரு பகலைக் கழிப்பார்கள். நானும் அதையெல்லாம் செய்தேன். அவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. தருமபுரிப் பக்கம் நடுகல் தேடிக் காடு மேடெல்லாம் அலைகிறவர் நீங்கள் என்பதால், உங்களுக்கென்று வேறொன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

மாளிகைக்குப் பின்புறம், அருங்காட்சியகத்தைத் தாண்டினால் மேட்டில் ஏறும் ஒரு சிறு பாதை. அதன் முடிவில் ஆங்கிலேயர்களின் பழைய கல்லறைத் தோட்டம். படைக்காக ஏற்பட்டது என்பதால் ‘கேரிசன் செமட்டரி’ என்றே பெயர் நின்றுவிட்டது. 195 கல்லறைகள்தாம். சாவகாசமாகச் சுற்றி வந்தாலும் அரை நாளில் முழுவதையும் பார்த்துவிடலாம். ஆனால் இலங்கையின் கோப்பிக் காலம் முழுவதும் இந்தச் சிறு இடத்தில் படுத்திருக்கிறது.

1815 மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்த மலைநாடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அவர்களுக்கு இடுகாடு தேவைப்பட்டுவிட்டது. முதலில் சிப்பாய்களும் அதிகாரிகளும் வந்தார்கள். 1820களில் கம்பளைப் பக்கம் ஜார்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டு வழி காட்டிய பிறகு, காட்டை வெட்டித் தோட்டம் போட வந்த துரைமார்களும் அவர்களுடைய மனைவி மக்களும் வந்து சேர்ந்தார்கள். 1870களில், நகர எல்லைக்குள் இனிப் புதைக்கக் கூடாது என்று விதி வந்தபோது கல்லறைத் தோட்டம் மூடப்பட்டது. ஏற்கெனவே அங்கே கிடப்பவர்களின் உறவினருக்கு மட்டும் விலக்கு இருந்தது. அப்படிக் கடைசியாக ஒரு அடக்கம் நடந்தது 1951-இல்.

கற்களைப் படித்துக்கொண்டே போனால் முதலில் உறைப்பது வயதுதான். முப்பது, இருபத்தைந்து, பத்தொன்பது, அப்புறம் கைக்குழந்தைகள். கிழவராகிச் செத்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காட்டுக் காய்ச்சலும் வாந்திபேதியும் பிரசவமும் பெரும்பாலோரைக் கொண்டுபோயிருக்கின்றன. மெக்லாஷன் என்ற கேப்டன் நெப்போலியனோடு நடந்த போர்களில் பிழைத்தவர், வாட்டர்லூவையும் பார்த்தவர். திருகோணமலையிலிருந்து மழையில் நனைந்தபடி கண்டிக்கு நடந்து வந்து காய்ச்சலில் போய்விட்டார். டேவிட் ஃபிண்ட்லே 1861-இல் தன் வீடு இடிந்து மேலே விழுந்ததில் இறந்தார். வில்லியம் மெக்வுட் குதிரையிலிருந்து இறங்கும்போது தரையில் நட்டிருந்த கழி குத்தி இறந்தார். 1856-இல் இறந்த ஜான் ஸ்பாட்டிஸ்வுட் ராபர்ட்சனைக் கொன்றது காட்டு யானை. இலங்கையில் காட்டு யானையால் இறந்ததாகப் பதிவான ஐரோப்பியர்களில் ஏழாவது ஆள், கடைசி ஆளும் இவர்தான் என்கிறார்கள்.

பெரிய பெயர்களும் உண்டு. சர் ஜான் டாய்லி இங்கேதான் இருக்கிறார். சிங்களத்தைக் கரைத்துக் குடித்து, கண்டி அரசவைக்குள் ஒற்றர் வலை விரித்து, போர் பெரிதாக நடக்காமலே ஒரு ராஜ்யம் விழ வழி செய்தவர். பிறகு துறவி போலக் கண்டியிலேயே தங்கி 1824-இல் இறந்தார். பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தால் ஒற்றை வளைவுப் பாலம் கட்டியவரும், இலங்கைக்கு விரிவான வரைபடம் தந்தவருமான ஜெனரல் ஃபிரேசர் இருக்கிறார். தமிழ்க் கிறித்தவர்களும் அடக்கத்தின்போது பாடுகிற ‘அபைட் வித் மீ’ பாட்டை எழுதிய லைட் பாதிரியாரின் பேரன் இருக்கிறார். ஆளுநர் கிரகரியின் மனைவி, 1873-இல் இறந்த எலிசபெத்தும் இருக்கிறார். கிரகரி பிற்பாடு மணந்துகொண்ட அகஸ்டாதான் அயர்லாந்தில் அபே நாடக அரங்கை உருவாக்கிய லேடி கிரகரி.

இதையெல்லாம் கல்லே சொல்லிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லில் பெயர், தேதி, வயது, ஒரு வேத வசனம், அவ்வளவுதான் இருக்கும். யானையும் இடிந்த வீடும் வேறு இடத்திலிருந்து வந்தவை. அந்த வேறு இடத்துக்குத்தான் உங்களை அழைத்துப்போக நினைக்கிறேன்.

ஜே. பென்றி லூயிஸ் என்று ஓர் இலங்கை சிவில் சர்வீஸ்காரர். வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895-இல் கையேடு எழுதியவர் என்றால் உங்களுக்கு நினைவு வரும். அவர் தீவு முழுவதுமுள்ள கல்லறை வாசகங்களைத் திரட்டி 1913-இல் கொழும்பில் பெரிய நூலாக வெளியிட்டார். நம் சென்னைக்கு ஜே. ஜே. காட்டன் 1905-இல் செய்ததற்கு இணையான வேலை. லூயிஸ் கல்லில் இருந்ததைப் படியெடுத்ததோடு நிறுத்தவில்லை. அந்தப் பெயர் யார், என்ன வேலை பார்த்தார், எப்படிச் செத்தார் என்று பழைய பத்திரிகைகளிலும் அரசுக் கோப்புகளிலும் தேடிக் குறிப்பு எழுதினார். கல்லே வைக்கப்படாமல் போனவர்களுக்கும் நூலில் இடம் கொடுத்தார். நினைவுச்சின்னம் இல்லாதவர்களின் இறப்புக் குறிப்புகளும் உண்டு என்று நூலின் தலைப்பிலேயே போட்டிருக்கிறார். அந்த ஒரு சேர்க்கைக்காகவே அவரைக் கும்பிடலாம்.

மூடப்பட்ட இடுகாட்டுக்கு நேர்வதெல்லாம் இதற்கும் நேர்ந்தது. புதர் மண்டியது, வேர் கற்களைப் புரட்டியது, பாசி எழுத்தைத் தின்றது. 1990களின் பிற்பகுதியில் நன்கொடை திரட்டிச் சுத்தம் செய்து, விழுந்ததை நிமிர்த்தினார்கள். இப்போது புல் வெட்டப்பட்டு, வாசலில் பதிவேடு வைத்து, வந்தவர்களுக்குக் கதை சொல்ல ஆள் வைத்து நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். பராமரிப்பவர் ஒவ்வொரு கல்லின் அருகிலும் நின்று அந்த மனிதர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பேசுகிறார். மழை தின்ற கல்லுக்கு முன்னால் அவர் தடுமாறாமல் பேசுகிறார் என்றால், யாரோ முன்கூட்டியே எழுதி வைத்ததால்தான். புல் வெட்டுவதைவிட எழுதி வைப்பது முந்திய வேலை என்பதற்கு இங்கே நிற்கும் எந்தத் தேய்ந்த கல்லும் சாட்சி. கல்லை நிமிர்த்தப் பணம் கிடைக்க நூறு ஆண்டுகூட ஆகலாம். எழுத்து அதுவரை காத்திருக்காது.

உங்கள் தொழில் புத்திக்கு இரண்டொரு செய்திகள். நடுகல்லுக்கு மையும் காகிதமும் வைத்துப் படியெடுக்கிற பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. சலவைக்கல்லும் மணற்கல்லும் மையைக் குடித்துவிடும். எழுத்தைத் தெளிவாக்கச் சாக்கட்டி தேய்ப்பதும் ஆகாது. தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். ஆசிட், பிளீச்சிங் பவுடர், கம்பித் தூரிகை மூன்றும் கல்லுக்கு எமன். மங்கிய எழுத்தைப் படிக்கக் காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழ வேண்டும். வெயில் வாய்க்காவிட்டால் ஒரு கண்ணாடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒளியைத் திருப்பலாம். சுண்ணச் சாந்தில் கட்டிய பழைய மேடையைச் சிமெண்டால் பூசினால் உள்ளே ஈரம் சிக்கி, காப்பாற்றப் போன கையாலேயே கல்லை வெடிக்க வைப்போம். எழுதும்போது வரிக்கு வரி, கல்லில் உள்ள பிழையோடு எழுத வேண்டும். தெரியாத எழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும், ஊகத்தை அங்கே நுழைக்கக் கூடாது. எந்தக் கல் எங்கே நிற்கிறது என்று ஒரு வரைபடம், பிறகு தேவாலயத்து அடக்கப் பதிவேட்டோடு ஒப்பீடு. இவ்வளவும் செய்தால் ஒரு சிறிய இடுகாடு நூலாகிவிடும். 1976-இல் லண்டனில் தொடங்கிய, தெற்காசிய ஐரோப்பியக் கல்லறைகளுக்கான சங்கம் ஒன்று தன்னார்வலர்களைக் கொண்டு இதைத்தான் செய்து வருகிறது. அவர்கள் எழுதி அனுப்பியவை பிரிட்டிஷ் நூலகத்தில் சேர்கின்றன.

இனி என் மனதை அறுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். கண்டியில் மகியாவை என்ற இடத்தில் இன்னொரு கல்லறைத் தோட்டம் உண்டு. இலங்கையில் தேயிலைத் தொழிலைத் தொடங்கி வைத்த ஜேம்ஸ் டெய்லர் அங்கே அடங்கியிருக்கிறார். 1867-இல் லூல்கந்துரையில் தேயிலை நட்டவர், 1892-இல் தோட்டத்திலேயே இறந்தார். அவர் உடலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் மலையிலிருந்து கண்டி வரை தோளில் சுமந்து வந்தார்கள். இந்த நாட்டில் தேயிலைக்கு முன்னோடி என்று அவர் கல் சொல்கிறது. சுமந்து வந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அவர்கள் யாரென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோப்பிக் காலத்தில் ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிக்குப் பின்னால் கிளம்பி, கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். அறுவடை முடிந்ததும் பலர் அதே வழியில் திரும்பினார்கள். வாந்திபேதியும் அம்மையும் பசியும் வழியெல்லாம் காத்திருந்தன. 1840களில் மட்டும் 70,000 பேர் இறந்திருக்கலாம் என்று கொழும்பு அப்சர்வர் பத்திரிகை 1849-இல் கணக்குப் போட்டது. அந்த எண் சரியா என்று ஆய்வாளர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். வழக்காட வேண்டியிருப்பதே பெயர்ப் பட்டியல் இல்லாததால்தான். 195 பேருக்கு ஒவ்வொருவராகக் கணக்கு இருக்கிறது. அந்தக் காட்டு வழியில் விழுந்தவர்களுக்கு ஆயிரக் கணக்கில்கூட ஒத்துக்கொண்ட எண் இல்லை.

இது வெறும் மனத்தாங்கல் இல்லை. 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம், இந்தத் தொழிலாளர்களின் வழிவந்த மலையகத் தமிழரிடம் கேட்டது காகிதத்தை: தகப்பன் இங்கே பிறந்தவன் என்று காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவனுக்கு யார் பதிவேடு வைத்தார்கள்? பல லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். பெயரை எழுதி வைக்காததன் விலை என்ன என்று இந்த மலைகளில் கேட்டால் தெரியும்.

துரைமார்களின் இடுகாட்டைப் பாதுகாக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளையைக் கடல் கடந்து புதைத்த தாயின் துக்கத்துக்கு நிறம் கிடையாது. அந்தக் கற்கள் நிற்கட்டும். ஆனால் அவர்களுக்குச் செய்த வேலையை நம்மவர்களுக்கும் செய்ய வேண்டும். லூயிஸ் வழி காட்டியிருக்கிறார்: கல் இல்லாதவரையும் பட்டியலில் சேர்க்கலாம். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மயானம் இருக்கிறது, தேயிலை மலைச் சரிவில் மண்மேடுகளாக. யார் எந்த மேட்டில் என்று சொல்லக்கூடிய வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவேடு, கோயில் வரிக் கணக்கு, தேவாலயப் பதிவேடு, தப்படித்துப் பாடிய ஒப்பாரி, எல்லாவற்றிலும் பெயர்கள் கிடக்கின்றன. 2023-இல் மலையகத்தார் வந்து இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தே வந்தார்கள். அந்த நடையில் வந்த இளைஞர்களில் பத்துப் பேர் ஆளுக்கொரு தோட்டத்து மயானத்தை எடுத்துக்கொண்டால் போதும்.

நீங்களும் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். நடுகல் படிக்கிற கண்ணும், வரி பிசகாமல் எழுதுகிற கையும் உங்களிடம் இருக்கின்றன. அடுத்த விடுமுறையில் தருமபுரியை விட்டுவிட்டு இங்கே வாருங்கள். முடியாவிட்டால், உங்கள் ஊரிலிருந்து கோப்பிக்குப் போய்த் திரும்பாதவர்கள் யார் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்குங்கள். பெயர், ஊர், தகப்பன் பெயர், போன காலம், இந்த நான்கும் போதும். பட்டியல் இரண்டு கரையிலிருந்தும் எழுதப்பட்டால்தான் நிறையும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்