நான் சிங்களத்தில் பதில் சொன்ன காலை

கண்டிப் பக்கம், பிலிமத்தலாவைச் சந்தையில் மரக்கறிக் கடைகள் முடிகிற ஓரத்தில் ஓர் அக்கா ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு தோசைக்கல், வாளியில் பிசைந்த கோதுமை மா, மூடி போட்ட கிண்ணத்தில் கட்டச் சம்பல். அவ்வளவுதான் கடை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைச் சந்தைக்குக் கூட்டிப்போய், உள்ளூர்ச் சாப்பாட்டையும் குடிவகையையும் காட்டுவது என் தொழில். ஒன்பது வருடம் அந்த அடுப்பைத் தாண்டித்தான் நடந்தேன். ஒரு நாளும் நின்றதில்லை.

ஒரு காலை என்னோடு வந்த விருந்தினர் அங்கே நின்றுவிட்டார். அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, சுடச்சுட இருக்கு, ஒன்னு சாப்பிட்டுப் போங்க" என்றார். நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். "எபா அக்கே, பஸ்சே கன்னம்." வேண்டாம் அக்கா, பிறகு சாப்பிடுகிறேன் என்று அர்த்தம். நான் தமிழன் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

நான் செய்த பிழை அதுதான். அது அந்த ஒரு காலையில் முளைத்ததல்ல என்பதால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும்.

நான் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாயி காலை நாலு மணிக்கு எழுந்து ரொட்டி தட்டுவார். வீட்டில் தேங்காய் இருந்தால் துருவிப் போட்டுப் பிசைவார். இல்லாத நாளில் உப்பும் தண்ணீரும்தான். அம்மியில் செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, கிடைத்தால் ஒரு துண்டு மாசி. அரைத்த கையாலேயே ஒரு உருண்டை எடுத்து ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டி, பழைய துணியில் கட்டி அம்மாவின் கையில் கொடுப்பார். மலையில் பத்து மணிக்கு வெறுந்தேத்தண்ணியோடு அம்மா சாப்பிட்டதும் அதுதான், நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனதும் அதுதான். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சோற்றுப் பார்சலைப் பிரிப்பதற்குள் நான் என் ரொட்டியை மேசைக்குக் கீழே வைத்துத் தின்று முடித்துவிடுவேன். அந்தப் பழக்கத்தைத்தான் பிற்பாடு தொழிலுக்குள்ளும் கொண்டுவந்தேன்.

எங்கள் பாதை எப்போதும் ஒன்றுதான். முதலில் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே என்று மூன்று கோயில்கள். பிறகு கண்டி வீதியோரத்துப் பித்தளைக் கடைகள். கடைசியாகச் சந்தை. கடலாதெனிய 1344இல் எழுந்த கற்கோயில். அதைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேஸ்வராச்சாரி. தென்னிந்தியக் கோயில் பார்த்த எவருக்கும் அதன் தூண்களைக் கண்டவுடன் அந்தச் சாயல் விளங்கும். லங்காதிலகவின் பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். அதன் முன் நின்று சிங்கள எழுத்தை விரலால் காட்டி விளக்குவேன். தமிழ் எழுத்து வரும்போது ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுச் செருப்பு கழற்றிய இடத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுவேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

சந்தையில் மட்டும் என் பேச்சு நீளும். கித்துள் பூவைச் சீவிப் பதநீர் இறக்கும் விதம், அதை மணிக்கணக்கில் காய்ச்சிப் பாணியாக்கி, இன்னும் இறுக்கிக் கருப்பட்டியாக்கும் விதம், புளிக்க விட்டால் கள்ளாவது எல்லாம் சொல்வேன். குரக்கன் மாவில் தேங்காயும் பாணியும் சேர்த்து, கெந்த இலையில் மடித்து அவித்த ஹெலப்பவைப் பிரித்து மணக்கச் செய்வேன். இலைக்கஞ்சி, பெலிமல் தண்ணீர், கறுவா, கராம்பு, சாதிக்காய். இவற்றில் பொய் இல்லை. பொய் எங்கே வந்தது என்றால், எல்லாவற்றையும் கண்டி ராசாவின் அடுக்களையோடு முடிச்சுப் போட்டதில். பச்சை மிளகாய்க் குவியலைக் காட்டி, இரண்டாயிரம் வருடமாக இந்த மலைநாட்டில் இதைத்தான் அரைக்கிறோம் என்பேன். விருந்தினர்களுக்குப் பழமை பிடிக்கும். அரண்மனை என்றால் இன்னும் பிடிக்கும். எனக்கும் அது வசதியாக இருந்தது. அரண்மனைக் கதைக்குள் லயத்து ரொட்டிக்கு இடமில்லை, அதனால் அதைக் காட்டாததற்கு நான் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலையில் வந்தவர் மெக்சிக்கோவின் வடக்கே, சொனோராவைச் சேர்ந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் கேட்டதைவிடத் தொட்டதுதான் அதிகம். சௌசௌ குவியலைக் கண்டதும் ஒன்றைக் கையில் எடுத்து, "சயோத்தே" என்றார். தக்காளியைத் தொட்டார். போஞ்சியை முறித்துப் பார்த்தார். பப்பாசி, கொய்யா, சோளம், வெண்ணெய்ப்பழம் ஒவ்வொன்றுக்கும் தன் ஊர்ப் பெயரைச் சொன்னார். சொந்த ஊர்ச் சந்தைக்குத் திரும்பி வந்தவர் போலத்தான் நடந்தார். நான் வழக்கம்போல மிளகாயின் இரண்டாயிரம் வருடக் கதையைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஒரு மிளகாயின் காம்பைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, "இது வருவதற்கு முன்னால் உங்கள் ஆட்கள் காரத்துக்கு என்ன போட்டார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். மிளகு. போர்த்துக்கீசர் இந்தத் தீவுக்கு வந்தது 1505இல். மெக்சிக்கோ மண்ணில் ஆயிரக்கணக்கான வருடம் விளைந்த மிளகாய், அவர்களின் கப்பல்கள் இந்தக் கடலில் ஓடத் தொடங்கிய பிறகுதான் எங்கள் கரைக்கு வந்தது. பெயரிலேயே சாட்சி இருக்கிறது. மிளகு போலக் காரமான காய் என்பதால் மிளகாய். சிங்களத்தில் மிரிஸ் என்ற பெயரை மிளகாய்க்குக் கொடுத்துவிட்டு, பழைய மிளகைக் கம்மிரிஸ், கிராமத்து மிரிஸ் என்கிறார்கள். புதிதாக வந்தது பெயரையே எடுத்துக்கொண்டது. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் ஒன்பது வருடம் நான் அந்தக் கதையைச் சொன்னேன்.

கறுவாப்பட்டை விற்கிறவரிடம் போனபோது ஆசிரியையின் முகம் மாறியது. ஒரு சுருளை எடுத்து விரலால் அழுத்தினார். அது பொடிப்பொடியாக நொறுங்கியது. "கனேலா" என்றார். மண்சட்டியில் கோப்பி காய்ச்சும்போது அவருடைய பாட்டி போட்டது இதுதானாம். கொக்கோவோடு சோளமாவைக் கரைத்துக் காய்ச்சும் கஞ்சிக்கும் இதேதானாம். இலங்கைக் கறுவாவை மிக அதிகமாக வாங்கும் நாடு மெக்சிக்கோ என்பது இந்த வியாபாரத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அது எந்தச் சட்டிக்குள் போய் விழுகிறது என்று நான் அன்றுவரை யோசித்ததே இல்லை.

அதற்குப் பிறகுதான் ரொட்டி அடுப்பு வந்தது.

அவர் நின்றார். அக்கா கூப்பிட்டார். நான் மேலே சொன்ன பதிலைச் சொன்னேன். விருந்தினர் இது என்ன என்று கேட்டார். "தோட்டத்து ஆட்கள் சாப்பிடுவது. நீங்கள் சாப்பிட வேண்டாம், வயிற்றுக்கு ஒத்துவராது" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "நீ காலையில் வீட்டில் என்ன சாப்பிட்டாய்?" என்றார். கிரிபத், பாற்சோறு என்று சொன்னேன். உண்மையில் ஐந்தரை மணிக்கு என் மனைவி சுட்ட ரொட்டியைத்தான் கட்டச் சம்பலோடு தின்றுவிட்டு வந்திருந்தேன். விரலில் சம்பல் வாசம்கூடப் போயிருக்காது.

அவர் என்னைக் கடந்து போய்ப் பலகையில் உட்கார்ந்தார். அக்கா ஒரு உருண்டையை எடுத்து உள்ளங்கையால் தட்டி, விளிம்பை விரல்நுனியால் திருத்திக் கல்லில் போட்டார். விருந்தினர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தட்டிக் காட்டினார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. அக்கா சிரித்துவிட்டு ஒரு உருண்டையை அவர் கையில் கொடுத்தார். அவர் தட்டியது மெல்லியதாக, அகலமாக வந்தது. அக்காவின் ரொட்டியைவிட இரண்டு மடங்கு பெரியது. சொனோராவில் கோதுமை மாவில்தான் தோர்த்தியா சுடுவார்கள் என்று அவர் எனக்குச் சொன்னார். சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, தன் பாட்டியின் கல்லுரலில் இருந்து எடுத்தது போல இருக்கிறது என்றார். இரண்டு ரொட்டி சாப்பிட்டார். அந்த நேரம் முழுக்க நான் நின்றுகொண்டே இருந்தேன்.

பிறகு அவர் சொன்னதில் ஒன்றை இங்கே எழுத வேண்டும். 1899இல் பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற மெக்சிக்கோக்காரர் ஒரு புத்தகம் எழுதினார். கோதுமை உண்ணும் இனங்களே முன்னேறும், சோளம் உண்கிறவர்கள் பின்தங்கியே கிடப்பார்கள் என்பது அதன் வாதம். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்துத் தோர்த்தியா சுடும் வித்தையை அந்த நாட்டுப் பழங்குடிப் பெண்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அப்படிச் செய்யாமல் சோளத்தையே நம்பி வாழ்ந்த மற்ற நாட்டு ஏழைகளுக்குப் பெலக்ரா என்ற நோய் வந்தது. அந்த அறிவைத்தான் படித்தவர்கள் கேவலமாகப் பார்த்தார்கள். 2010இல் மெக்சிக்கோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, நடுவில் இருந்தது அதே சோளம்தான். எங்கள் பக்கம் தலைகீழ். இங்கே கோதுமை ரொட்டிதான் கூலிச் சாப்பாடு. தானியம் எதுவாக இருந்தாலும் இளக்காரம் அதைத் தின்கிறவர்கள் மேல்தான்.

நான் ஏன் அப்படி நடந்தேன்? பயம் என்று சொல்லலாம். 1983 இனக்கலவரத்தில் தமிழ் பேசியதற்காக அடிபட்டவர்கள் இந்தப் பக்கத்திலும் இருக்கிறார்கள். என் அப்பா பஸ்ஸில் ஏறினால் வாய் திறக்க மாட்டார். அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. அதை எடுத்து என் பிழைக்குப் போர்த்திக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அந்தச் சந்தையில் என்னைத் தமிழன் என்று தெரிந்தவர்கள் நிறையப் பேர். கித்துள் பாணி விற்கும் அம்மா என்னை "புத்தே", மகனே, என்று கூப்பிட்டு, என் பிள்ளைகளுக்கு என்று ஒரு துண்டு கருப்பட்டி தனியாக எடுத்துவைப்பார். அவர்கள் யாருக்கும் நான் பயப்படவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. லயத்து ரொட்டியின் பக்கத்தில் நிற்கும்போது என்னையும் லயத்தோடு சேர்த்துப் பார்ப்பார்கள் என்ற வெட்கம்.

2023இல் எங்கள் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்குக் கூட்டிவரப்பட்டவர்கள் காட்டுவழியே நடந்து, வழியில் செத்து விழுந்த பாதை அது. எனக்கும் அழைப்பு வந்தது. விருந்தினர் இருக்கிறார்கள் என்று சொல்லிப் போகாமல் விட்டேன். ஒரு நாளாவது போயிருக்க முடியும்.

அந்த ஆசிரியை போன பிறகு சந்தையை நான் புதிதாக ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். மிளகாய் கப்பலில் வந்தது. தக்காளி, பப்பாசி, கொய்யா, மரவள்ளி எல்லாமே கடல் தாண்டி வந்தவை. அவற்றைக் கண்டியின் சாப்பாடு என்று காட்ட எனக்குத் தயக்கமே இருந்ததில்லை. மிளகாய் இல்லாத கண்டிச் சமையலை இன்று யாராலும் நினைத்துப் பார்க்கவும் முடியாது. கப்பலில் வந்த கோதுமையில், கப்பலில் வந்தவர்களின் பேத்தி சுட்ட ரொட்டியை மட்டும் நான் இந்த ஊர்ச் சாப்பாடு இல்லை என்று தள்ளிவைத்தேன். எது இந்த ஊருடையது என்று கோடு கிழித்தது நான். அந்தக் கோட்டுக்கு வெளியே நான் விட்டது என் அப்பாயியை.

அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். அக்கா இருந்தார். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் "ரெண்டு ரொட்டி குடுங்க அக்கா" என்று தமிழில் சொன்னேன். "சம்பல் கூடப் போடட்டுமா தம்பி?" என்று கேட்டார். மன்னிப்பு வாயில் வரவில்லை. போடுங்கள் என்றேன். அதற்குப் பிறகு பல முறை அங்கே விருந்தினர்களைக் கூட்டிப்போனேன். ரொட்டியின் கதையை, லயத்தின் கதையை, என் அம்மா மலையில் பத்து மணிக்குச் சாப்பிட்டதைச் சொன்னேன். மிளகாயின் இரண்டாயிரம் வருடத்தை விட்டுவிட்டேன். மன்னிப்பை மட்டும் ஒவ்வொரு முறையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளினேன். போன வருடக் கடைசியில் அக்கா மகளோடு இருக்கப் போய்விட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை.

கண்டி, நுவரெலியா, எல்ல பக்கம் இதே தொழில் செய்யும் தம்பி தங்கச்சிகள் பலர் லயத்தில் பிறந்தவர்கள்தான். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். விருந்தினரோடு நடக்கும்போது யாராவது உங்களைத் தமிழில் கூப்பிட்டால், நின்று தமிழில் பதில் சொல்லுங்கள்.